அண்ணனுக்கு அனுப்பிய நேரம்

அய்யம்பேட்டை
ரமலான் பிறை இருபத்திரண்டு

அன்பு மகன் சித்தீக்குக்கு, உன் அம்மா ஹபீபுன்னிசா ஸலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகமாக இருக்கிறோம், நோன்பும் குறையில்லாமல் போகிறது. மஸ்கட்டில் உன் சுகத்துக்காக ஐந்து வேளையும் கையேந்துகிறேன். நானும் அத்தாவும் என்று மட்டும் எழுதியிருக்கிறாளே, தங்கச்சியைச் சொல்லவில்லையே என்று நீ யோசிப்பாய். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதறாதே, பயப்படும்படி ஒன்றும் இல்லை, நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து முழுசாகப் படி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. இந்த வீட்டில் போன் எப்போதும் உன் தங்கச்சி இர்ஃபானா கையில், நான் உன்னோடு பேசினால் என் வாயையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தா போனிலிருந்து பேசலாம்தான், ஆனால் உன் அத்தா ஸ்பீக்கரில் போடாமல் என்றைக்குப் பேசியிருக்கிறார், கடைத்தெருவே கூடி நின்று கேட்கும். நல்லவேளை எதிர்வீட்டு யூனுஸ் பெருநாளைக்குக்கூட இருக்க முடியாமல் நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறான். இன்றைக்குச் சாயந்திரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்சலை வாங்கிக்கொள்கிறேன் என்றான். நார்த்தங்காய் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்துவிட்டேன், இந்தக் கடிதம்தான் பாக்கி. உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, எழுந்தால் என்ன வேலைக்கு எழுந்தேன் என்று மறந்துவிடுகிறது. மனசு ஒரு நிலையில் இல்லை. முன்னே பின்னே எழுதியிருந்தால் நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் தங்கச்சி இரண்டு வாரத்துக்கு மேலாக ஓடவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழுந்திருக்கிறது. தினமும் சாயந்திரம் அவள் ஓடிய நேரம் என்று ஒன்று உனக்கு வருகிறதே, நீயும் மாஷா அல்லாஹ் என்று பதில் போடுகிறாயே, அது ஒன்றும் அவள் ஓடி எடுத்த நேரமில்லை.

எல்லாம் அந்த நானூறா எண்ணூறா ஆயிரத்தைந்நூறா என்ற பஞ்சாயத்தில் வந்த வினை. போன வருஷம் வரைக்கும் நானூறு மீட்டர் ஓடிக் கப்பு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை. பள்ளிக்கூடத்து மாலதி டீச்சர் இவளுக்கு மூச்சு இருக்கிறது, இனிமேல் எண்ணூறுதான் இவளுக்கு என்று சொல்லிக் காலையில் ஆற்றங்கரை ரோட்டில் ஓட வைத்தார்கள். நீ காலேஜில் ஆயிரத்தைந்நூறு ஓடியவன், என் தங்கச்சிக்கும் அதுதான் சரிப்படும் என்று அங்கிருந்து போனில் திட்டம் அனுப்பினாய். குடமுருட்டி ஆறு இப்போது காய்ந்து கிடக்கிறது, மணலில் ஓடினால் கால் உறுதிப்படும் என்று நீதான் எழுதினாய். இவள் என்ன செய்தாள் தெரியுமா, இரண்டு பேருக்கும் சரி என்றாள். காலையில் டீச்சருக்கு ஓடினாள், சாயந்திரம் உனக்கு ஓடினாள். உன் திட்டம் டீச்சருக்குத் தெரியாது, டீச்சர் திட்டம் உனக்குத் தெரியாது. காலையில் ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும், சாயந்திரமும் போகிறாள் என்று தெரியும். ஆனால் ஓட்டம் என்றால் இரண்டு வேளையும்தான் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன், இதெல்லாம் நான் என்னத்தைக் கண்டேன். நோன்பு வந்ததும் டீச்சர் பாதியாகக் குறைத்தார்கள், நீயும் நோன்பாளி பிள்ளை என்று பாதியாகக் குறைத்தாய். இரண்டு பாதியையும் சேர்த்து ஒருத்தியே ஓடினால் அது குறைத்ததா?

ஏழாம் நோன்பன்று டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே போகிறாள், விடியற்காலை சஹருக்கு ஏதாவது சாப்பிடுகிறாளா இல்லையா என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது, என் வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லையா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டேன். அவர்கள் போனதும் இவளை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தேன். முழங்காலுக்குக் கீழே கை பட்டதும் துள்ளிவிட்டாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுநாளே தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ஓடக் கூடாது, மீறி ஓடினால் எலும்பு இரண்டாகப் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோன்புப் பெருநாள் முடிந்து வருகிற ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் தேர்வு இந்த வருஷம் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீச்சர் மேல் கோபம், உன் மேல் கோபம், அத்தா மேல் எப்போதும் இருப்பதுதான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா என்று அவளைத்தான் பிடித்துக் கத்தினேன். டீச்சர் எனக்காக விடியுறதுக்கு முன்னாடி எழுந்து வர்றாங்க என்றாள். சரி, அண்ணனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது அங்க தனியா கெடக்கும்மா. என்கிட்ட ஓட்டத்தப் பத்திப் பேசுறப்பதான் அது பழைய மாதிரி சிரிக்குது. அதையும் நான் எப்படிம்மா நிறுத்துறது?"

அவளே உன்னிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், அவள் சொல்லவில்லை. அடுத்த நாள் சாயந்திரம் அறைக்குள் போனால், தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், கையில் நீ வாங்கிக் கொடுத்த வாட்ச், மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது. காய்ச்சல் கீய்ச்சல் வந்துவிட்டதோ என்று பயந்துபோய் உலுக்கினேன். அம்மா கடைசி ரவுண்டு, பேசாதே என்கிறாள். படுத்த இடத்திலேயே மனசுக்குள் ஆயிரத்தைந்நூறையும் ஓடி முடித்து, வாட்சை அமுக்கி, அதில் இருந்ததைத்தான் உனக்கு அனுப்பினாள். இது பொய்யில்லையா என்றேன், நான் ஓடித்தானம்மா அனுப்புகிறேன் என்கிறாள். நோன்பு வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது, நீயே சொல். மனசுக்குள் ஓடினால் கால் வலிக்காதல்லவா, அதனால் நாளுக்கு நாள் வேகம் கூடியது. உனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தேர்வைப் பார்க்க லீவு கேட்டிருக்கிறேன் என்று நீ எழுதியதிலிருந்து இவளுக்கு ராத்திரி தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை. அத்தா கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்துவிட்டு வருகிறார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, நான், டீச்சர், அண்ணன் எல்லாரையும் விட்டுத் தள்ளு, உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், நானூறில் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கக்கூட நேரமில்லை, ஆயிரத்தைந்நூறில் பாதி வழியில் வீட்டு ஞாபகம், பரீட்சை ஞாபகம் எல்லாம் வந்துவிடுகிறது, எண்ணூறு ஓடும்போதுதான் வேறு எதுவும் ஞாபகம் வருவதில்லை என்று. அவளுக்கு எண்ணூறுதான் வேண்டும், சித்தீக். டீச்சர் சொன்னார்கள் என்பதற்காக இல்லை, அவளுக்கே வேண்டும். இதை நீ வருத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் நடந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எப்படியும் அவளே சொல்வாள் என்று. முந்தாநாள் நீ அனுப்பியதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை. படித்துவிட்டுப் போனை என் மடியில் போட்டு அழுகிறாள் அழுகிறாள், அப்படி அழுகிறாள். ஒரு மாசமாக நானும் உன் கூடத்தான் ஓடுகிறேன், நீ அங்கே வாட்சை அமுக்குகிற அதே நேரம் நான் இங்கே வேலை முடிந்து ரூமுக்குப் பின்னால் ரோட்டில் இறங்கிவிடுகிறேன், நீ பக்கத்தில் ஓடுகிற மாதிரியே இருக்கிறது, அந்த ஒரு நேரம்தான் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். என் பிள்ளையே, இந்த இரண்டு வாரமாக அந்த நேரம் அவள் இங்கே கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். நீ அந்த ஊர் வெயிலில், நாக்கு வறண்ட நோன்போடு, தனியாகத்தான் ஓடியிருக்கிறாய். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இனிமேல் நான் எப்படிச் சொல்வேன் என்கிறாள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

யூனுஸ் வாசலில் குரல் கொடுக்கிறான், சீக்கிரம் முடிக்கிறேன். நான் எழுதினேன் என்று அவளிடம் காட்டிக்கொண்டாலும் சரி, காட்டிக்கொள்ளாவிட்டாலும் சரி, அவளைத் திட்டாதே. நேரம் கேட்காதே, கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவளுக்குப் புரிந்துவிடும். லீவை ரத்து செய்யாதே, தேர்வு இல்லாவிட்டால் என்ன, நாங்கள் இருக்கிறோம். நீ ஓடுவதையும் நிறுத்தாதே, ஆனால் நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, வெயில் இறங்கிய பிறகு ஓடு. இங்கே யாரும் ஓடவில்லை, அவளோடு நேரம் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

வல்ல அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல உடம்பையும் நீண்ட ஆயுளையும் தருவானாக, ஆமீன். அத்தா ஸலாம் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. அவள் கால் ஆறுகிறவரைக்கும், நீ ஓடிய நேரத்தைத் தினமும் அவளுக்கு அனுப்பு. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் உள்ளதையே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. ஹபீபுன்னிசா