அப்பாவின் கண்ணில் பழுதில்லை

இரும்புச் சுரங்க முகாம்,
பாஃபின் தீவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் தொடர்ந்து நான்கு மான்களைத் தவறவிட்டதாகத் தங்கை ஆர்னாக் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாள். "கண்ணு போச்சும்மா, மானெல்லாம் நின்னு என்னைப் பாத்துச் சிரிக்குது" என்றீர்களாம். துப்பாக்கியைச் சித்தப்பாவுக்கே கொடுத்துவிடப் போகிறீர்களாம். அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் நலம்.

துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். போன விடுமுறையில் வந்தபோது, அந்தப் பழைய பட்டாளத் துப்பாக்கி இன்னும் குறி தவறாமல் சுடட்டும் என்று, குழலுக்கு அடியில் அதை உரசிக்கொண்டிருந்த முன்மரத்தை உங்களிடம் கேட்காமல் உப்புத்தாளால் தேய்த்தேன். இதை இங்கே சாப்பாட்டு மேசையில் முகாம் மெக்கானிக் லெவியிடம் சொன்னதும் அவர் கரண்டியை வைத்துவிட்டார்.

"அடப்பாவி, அந்த மரம்தான்டா குழலைக் கீழேருந்து தாங்குது! அதைத் தேச்சுட்டு, பெரியவருக்குக் கண்ணு போச்சுன்னு பேர் வாங்கிக் குடுத்துட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மரத்தின் முனையில், குழலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி, நூறு தப்படி தூரத்தில் ஒரு பலகையை நட்டு ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். துளைகள் நெருங்கி விழும் என்கிறார் லெவி. உலர்ந்த மீன் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எல்லாவற்றையும் வேகவைத்துக் கெடுக்கிறார்கள்.

போனில் சொல்ல நா எழவில்லை. நாளை ஊர் திரும்பும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் சொல்லிவைத்த புதிய முன்மரம் வியாழக்கிழமை விமானத்தில் நம் ஊருக்கு வரும் என்று கடைக்காரர் சொன்னார். ஞாயிறு மாலை அழைப்பேன். திட்டுவதற்காவது நீங்களே எடுங்கள்.

உங்கள் மகன்,
உட்டாக்