உயிரோடிருந்தால் வரி

மார்ச் 4

வரிக்காரருக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். இதயத்தில் அடைப்பாம், சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். நீங்களோ "யோசிச்சு சொல்றேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தீர்களாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிரீமியம் கட்டினோமே, அந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை முடித்துப் பணத்தை வாங்குங்கள்.

பிரிந்து போனவளுக்கு என்ன வந்தது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று கடையில் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

ஊசி

மார்ச் 11

அன்புள்ள ஊசிக்கு,

நான் வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருந்தாய். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஊருக்கெல்லாம் வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவன், என் கணக்கைத் தப்பாகப் போட மாட்டேன். நம் பாலிசிக்குப் பிரீமியம் அதிகம் என்பதால் வரிவிலக்கு கிடையாது; இப்போது முடித்தால், கட்டியதற்கு மேல் வருவதெல்லாம் வருமானம். அதற்கு வரி உண்டு. மிச்சத்தை ஆஸ்பத்திரி தின்றுவிடும். நான் போனபிறகு வந்தால் முழுத் தொகையும் உனக்குத்தான், சல்லிக்காசு வரி கிடையாது. வாடகைக் கடையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். கோபப்படாமல் யோசி.

வரிக்காரன்

மார்ச் 15

வரிக்காரருக்கு,

யோசித்தேன். கோபப்பட்டுக்கொண்டேதான் யோசித்தேன்.

இருந்தால் வரி, செத்தால் வரியில்லை, அதனால் சாகிறேன் என்கிறீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உங்கள் சாவில் கடை வாங்கி, அதில் உட்கார்ந்து நான் பட்டன் தைக்க வேண்டுமா? ஒரு சினிமாவுக்குக் கூப்பிட்டால்கூட "நிதியாண்டு முடியட்டும்" என்பீர்களே, அது தாங்காமல்தான் கிளம்பி வந்தேன். உங்களை வெறுத்து வரவில்லை.

இன்று கடையைச் சாத்திவிட்டுக் காப்பீட்டு ஆபீசுக்குப் போனேன். எனக்கு அந்தப் பணம் வேண்டாம், என் பேரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண், "ஏம்மா, வீட்ல சண்டையா?" என்றாள். "ஆமாம்மா, நாலு வருஷமா" என்றேன். இனி நீங்கள் செத்து எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் போடுங்கள்.

ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்கு,

நீ எழுதிக் கொடுத்தது செல்லாது. பேரை மாற்றுவதென்றால் நான்தான் மாற்ற வேண்டும். அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லத்தான் ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண், "அந்தம்மா அழுதுகிட்டே எழுதினாங்க சார்" என்றாள். இதை நீ எனக்கு எழுதவில்லை.

அங்கேயே உட்கார்ந்து, பாலிசியை முடித்துத் தரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வரி போக மிச்சம் கைக்கு வந்துவிட்டது. குறைக்க வழி தேடாமல் நான் கட்டிய முதல் வரி இதுதான்.

ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதி காலையில். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பிழைக்காமல் போனால் உனக்குச் சொந்தக் கடையும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன். அந்த நினைப்பில் தூக்கம் வரவில்லை.

கூட யார் இருப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். உன்னைச் சொன்னேன். என்ன உறவு என்றார்கள். மனைவி என்றேன். சரியா தப்பா என்று நீ நேரில் வந்து சொல்லிவிடு.

வரிக்காரன்