பால் வெட்டப் போன பெர்மனென்ட் ஆள்

மழை பிடித்துக்கொண்டால் என் சைக்கிள் கேரியரில் கட்டியிருக்கும் ரப்பர் ஷீட்டிலிருந்து புளித்த பால் வாடை எழுகிறது. அண்ணாச்சி, நீர் உருட்டிய முதல் ஷீட். ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் அப்பளம். விலை போகாது என்று தெரிந்த பிறகே எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினீர். நீர் காலமான பின் வாடை கூடியிருப்பதுபோல் தோன்றுகிறது. மழைதான் கூடியிருக்கும்.

நெய்வேலியில் நாம் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். இருவருக்கும் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. குலசேகரம் பக்கம் உமக்கு ஒரு துண்டு ரப்பர் தோட்டம். கணவரை இழந்த உம் அக்காவுக்கு அந்தப் பால்தான் சோறு. விடியுமுன் மரப்பட்டையைக் கீறி, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்துத் தந்தவர் செல்லையன்.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள் எடுத்தபோது உமக்கு இரக்கம் வந்தது. “பாவம்வோய், எத்தன காலம் இருட்டுல மரம் மரமா ஓடுவான்?” என்று அவரை இங்கே அழைத்து வந்தீர். அவர் மச்சினனை அழைத்தார். மச்சினன் பக்கத்துத் தோட்டத்து ஆட்களை அழைத்தான். ஞாயிறு மாலைகளில் உம் வராந்தா நிறையப் பால்வெட்டுக்காரர்கள் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். நகரியத்தில் இல்லாதது ரப்பர் மரம் ஒன்றுதான்.

அப்படி ஒரு ஞாயிறன்று அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எல்லாரும் இங்கினதான் இருக்கியளா? அங்க மரம் சும்மா நிக்கு. வெட்டுகதுக்கு ஆரு இருக்கா?”

கிழங்கு மெல்லும் சத்தம் நின்றது.

ஆளுக்கு ஒரு வாரம் முறைபோட்டு ஊருக்குப் போகலாம் என்று நீர் யோசனை சொன்னீர். கான்ட்ராக்ட் ஆள் எடுக்கும் கம்மாபுரத்து மேஸ்திரியிடம் கேட்டபோது, “போறவன் போய்க்கினே இருக்கட்டும். அந்த எடத்துல வேற ஆளு நிக்கும்” என்றார்.

செல்லையன் தலை குனிந்தார். “இப்பம் போனா பெர்மனென்ட் போச்சு, அண்ணாச்சி.”

கோபப்பட உமக்கு வழியில்லை. அந்த ஆசையை அவருக்கு ஊட்டியவரே நீர்தான்.

“அப்பம் தோட்டத்த வித்துரலாமா?” என்றார் அக்கா. “வித்துட்டு நான் எங்க போய் இருக்க?”

செல்லையனைத் தனியே கூப்பிட்டுக் கத்தி பிடிக்கும் விதம் கேட்டுக்கொண்டீர். லீவு போட்டுவிட்டுப் போனீர். லீவு தீர்ந்தது, வந்து ராஜினாமா கொடுத்தீர். ஊரே பெர்மனென்டுக்குத் தவம் கிடக்கும்போது இது என்ன கூத்து என்று கேட்டேன்.

“ஆளு வேணும்லா, வோய். நானும் ஒரு ஆளுதானே?”

பிற்பாடு செல்லையன் பெர்மனென்ட் ஆனார். இங்கே ஷிப்ட் மாற்றிக்கொள்வது வழக்கம்தான். நீங்கள் இருவரும் அதைக் கொஞ்சம் நீளமாகச் செய்துவிட்டீர்கள்.

யாராவது வந்து தங்கள் ஊர்ப் பையனுக்கு ஒரு வேலை சொல்லிவிடும்படி கேட்டால், அவன் இப்போது பார்க்கும் வேலையை அங்கே யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறேன். உபகாரமில்லாதவன் என்று பெயர் எடுத்தாயிற்று.

காலையில் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது, அண்ணாச்சி இந்நேரம் பாதித் தோட்டம் வெட்டியிருப்பார் என்று மனம் தானாக நினைக்கிறது. பிறகுதான் ஞாபகம் வருகிறது. அங்கே இன்று யார் வெட்டுகிறார்கள் என்று அக்காவிடம் கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.