நான் கூட வராத கண்டிப் பயணம்

என் அன்புக்குரிய புஸ்பம்,

'அன்புக்குரிய' என்று உன்னை எழுதவே கை கூசுகிறது. இத்தனை வருசப் பழக்கத்தில் ஒருநாளும் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையில் ஒரே சுவரை ஒட்டிய அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்தோம். நீ எனக்கு எட்டு மாதம் மூத்தவள். இருந்தும் நான் 'ஏ புள்ள' என்று கத்துவேன், நீ 'என்னா புள்ள' என்று வருவாய்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மகள் நித்யா ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன்னைப் போலவே வேகமாகப் பேசுகிறாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. இந்த வருசம் மழை நிற்கவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் காரியத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு உரியதில்லை. அதனால் அதையும் எல்லோர் முன்னாலும்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தேன். அவனுடைய அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. எனக்கு அம்மாவும் இல்லை. நீ பகல் முழுதும் கொழுந்து எடுத்துவிட்டு, நிறுத்துக் கொடுத்த கையோடு மலையிறங்கி, பஸ் பிடித்து வருவாய். நோயாளிகளைப் பார்க்கிற நேரம் முடியப் பத்து நிமிடம்தான் மிச்சமிருக்கும். உன் காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருக்காது. மிளகு ரசத்தையும் சோற்றையும் பிசைந்து தந்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ தின்னு."

ஆறுதல் என்று நீ சொன்னது அவ்வளவுதான். மணி அடித்ததும் எழுந்து போய்விடுவாய்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் விடிந்ததிலிருந்து காத்துக் கிடந்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. நமக்குள் என்ன நன்றி என்று நினைத்தேன். சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய் என்றும் நினைத்தேன். இப்போது யோசித்தால் எல்லாம் சாக்கு. நீ கொடுக்கக் கொடுக்க வாங்கிப் பழகிவிட்டேன். நன்றி புஸ்பம். இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு இருபது வருசம் ஆகியிருக்கிறது.

பிறகு நான் டீச்சர் ஆனேன். ஹட்டன் டவுனில் வீடு எடுத்தேன். பள்ளிக்கூடம், பின்னேரம் டியூசன், சனிக்கிழமை கூட்டம். உன் லயத்துக்கு அரைமணி நேரப் பயணம்தான். ஒவ்வொரு முறை நீ எனக்குப் போன் எடுக்கும்போதும் 'ஞாயித்துக்கிழமை வர்றேன் புள்ள' என்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தேன்? நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

போன வருசம் தவணைப் பரீட்சை நேரத்தில் நீ எடுத்த அந்தப் போனை மறக்க முடியவில்லை. மேசை நிறைய விடைத்தாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே பேசினேன்.

"நெஞ்சுல கட்டி மாதிரி இருக்கு புள்ள. கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டொக்டர் துண்டு எழுதிக் குடுத்திருக்காரு. எனக்குக் கடையில பேசுற சிங்களந்தான் தெரியும். அங்க பெரிய டொக்டர் பேசுறது வெளங்காட்டி என்னா செய்றது? நீ கூட வந்தா நல்லா இருக்கும்."

"எப்போ போகணும்?"

"வர்ற புதன்கெழம."

"ஐயோ, பேப்பர் திருத்திக் குடுக்கணும் புள்ள. அடுத்த மாசம் போவோமே. கட்டாயம் வர்றேன்."

"சரி புள்ள. நீ வேலையப் பாரு" என்றாய். அந்தச் 'சரி'யில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. அல்லது, தெரிகிற அளவுக்கு நான் காது கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் நானே கூப்பிட்டேன் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். "போயிட்டு வந்துட்டேன். மருந்து குடுத்துட்டாங்க. சரியாயிருமாம்" என்றாய். எனக்கு அப்பாடா என்றிருந்தது. யாரோடு போனாய் என்று கேட்கவில்லை. டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. துண்டில் என்ன எழுதியிருக்கிறது, படம் பிடித்து அனுப்பு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அதையும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து வலி தாங்காமல் உன்னை மறுபடியும் கொண்டுபோனபோதுதான், உன் பழைய துண்டைப் பார்த்து எனக்கு மட்டும் விசயம் தெரிந்தது. முதல் தடவையே சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், இரண்டு வாரத்தில் திரும்பி வா என்று சொல்லி, துண்டிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சிங்களத்தில் சொன்னார்கள், இங்கிலீஸில் எழுதினார்கள். அவர்கள் கொடுத்த மாத்திரையைப் பார்த்துவிட்டு நீ, இவ்வளவுதான் வைத்தியம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாய். அந்த நாலு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கடைசியாக உன்னை வார்டில் பார்க்க வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும் புள்ள" என்றாய். எனக்கு இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம். "ஞாயித்துக்கிழமை வர்றேன், ஆற அமரச் சொல்லு" என்றேன். நீ வெள்ளிக்கிழமை போய்விட்டாய்.

அந்த விசயம் என்னவென்று உன் காரியத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உன் வீட்டுக்காரர், செல்வம் மச்சான், எழுந்து கை கூப்பினார். "எல்லாருக்கும் புண்ணியம். முக்கியமா டீச்சருக்கு. மொத மொத கண்டிக்குப் போனப்ப, பள்ளிக்கூட வேலையெல்லாம் விட்டுட்டு இவங்கதான் புஸ்பம் கூடப் போனாங்க. டொக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுச் சொன்னாங்க. அந்த நன்றிய நாங்க மறக்க மாட்டோம்."

லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள். யாரோ ஒரு பெண் என் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

நான் கூட வந்ததாக ஏன் புஸ்பம் வீட்டில் சொன்னாய்? மச்சான் தன் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வரக்கூடாது என்றா? என் பேரைக் காப்பாற்றவா? இல்லை, 'என் கூட்டாளி டீச்சர்' என்று ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு, அவள் வரவில்லை என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்ததா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தின்கிறது.

அதற்குப் பிறகு நான் லயத்துக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கடிதம் வாசிக்கவும் படிவம் நிரப்பவும் என்னைத் தேடி வந்தார்கள். "புஸ்பத்தப் பாத்துக்கிட்ட டீச்சர்" என்று பேர் வந்துவிட்டது. ஒரு மாதம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். மச்சான் லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மச்சான், நான் அன்னைக்குக் கண்டிக்குப் போகல. புஸ்பம் தனியாத்தான் போனா. என்னைக் கூப்பிட்டா. நான் வரலன்னுட்டேன்."

கம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போயிருந்தீங்கன்னுதான் நான் சும்மா இருந்தேன் டீச்சர்" என்றார். "மருந்து தின்னும் கட்டி கரையலயேன்னு நான் கேட்டேன். டீச்சர் டொக்டர்கிட்டக் கேட்டுட்டா, ஒண்ணுமில்லையாம்னு புஸ்பம் சொன்னா. படிச்சவங்க கேட்டுட்டு வந்திருக்காங்க, நம்ம என்னத்தப் பேசுறதுன்னு விட்டுட்டேன். அப்பறம் சீக்கு முத்தினப்ப, ஒங்களுக்கே வெளங்காத சீக்காக்கும்னு நெனச்சேன்."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். காம்பரா வாசலில் நித்யா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "நித்யா, டீச்சருக்குத் தேத்தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். நித்யா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் தனியாக உட்கார்ந்து குடித்தேன். மச்சான் இறங்கி வரவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் அவர் வெளியே போய்விடுவார். நான் லயத்தில் மற்றவர்களுடைய கடிதங்களை வாசித்துக் கொடுத்துவிட்டு வருவேன். அது பரிகாரம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. வீட்டில் இருந்தால் விடைத்தாளில் கண் நிற்பதில்லை, அதனால் போகிறேன்.

முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கேட்டடியில் நித்யா நின்றாள். பிறந்ததிலிருந்து என்னைச் 'சின்னம்மா' என்று கூப்பிட்டவள்.

"டீச்சர், அப்பாவுக்குக் கண்ணு மங்கலா தெரியுது. கண்டிக்குப் போகச் சொல்லி துண்டு குடுத்திருக்காங்க. வியாழக்கெழம. ஒங்களக் கூப்பிடச் சொன்னாரு."

அவள் கீழே பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "நெசமாவே வருவாங்களான்னு நல்லாக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. வரமாட்டாங்கன்னா இப்பவே சொல்லிரட்டுமாம்."

"வர்றேன்" என்றேன். இம்முறை நித்யா உடனே போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வர்றேம்மா" என்று மறுபடியும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அதிபரிடம் லீவு கேட்டேன். பரீட்சை நேரத்தில் லீவா என்று முகத்தைச் சுளித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமா புஸ்பம்? ஒரு கையெழுத்துதானா? போன வருசமும் இதே அதிபர்தான். நான்தான் கேட்கவே இல்லை.

நாளைக்கு வியாழக்கிழமை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டொக்டர் என்ன சொன்னாலும் அதை அப்படியே மச்சானுக்குத் தமிழில் சொல்வேன், நல்ல செய்தியானாலும் இல்லாவிட்டாலும். எனக்கே விளங்காவிட்டால் வெட்கப்படாமல் திரும்பக் கேட்பேன். போகும்போதும் வரும்போதும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அடுத்த கிளினிக்குக்கு என்னைக் கூப்பிடுவாரா என்று தெரியாது. கூப்பிட்டால் தேதி கேட்காமல் போவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறக்காத தங்கச்சி
கமலா