ஆலைக்குப் போன விவரம் மருத்துவருக்குப் போகவில்லை

அனுப்புநர்:
இறந்துபோன ஆலைத் தொழிலாளியின் அக்கா,
(வீட்டில் வைத்துத் துணி தைப்பவள்)
பாலத்தை ஒட்டிய வரிசை வீடுகள்.

பெறுநர்:
உயர்திரு பொதுச் சுகாதார அலுவலர் அவர்கள்,
பொதுச் சுகாதார அலுவலகம்.

பொருள்: கூட்டு நலவாழ்வுக் குழு என் தங்கையின் காசநோய் விவரத்தை அவள் வேலை செய்த ஆலைக்குத் தெரியவிட்டது, அவள் உயிருக்குப் போராடியபோது அதே விவரத்தை மருத்துவருக்குத் தராமல் போனது, இப்போது அவள் மகளுக்கு இருமல் இருப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் பொறுமையுடன் படித்துப் பார்க்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் தங்கை, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுபவள், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் பிசிறு வெட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கும் வேலை. ஆலைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் கணவரோடும் மகளோடும் குடியிருந்தாள். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். சின்னவள் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். அவள் எப்படிப்பட்டவள் என்று தங்களுக்குத் தெரிய வேறு வழியில்லாததால் இதை எழுதுகிறேன்.

2. அந்தப் பகுதியில் அரசு சுகாதார நிலையம், நடமாடும் மருத்துவ வண்டி நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம், மேற்படி ஆலையின் தொழிலாளர் நலப் பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்து கூட்டு நலவாழ்வுக் குழு ஒன்றைத் தொடங்கின. நீண்ட நாள் இருமல் உள்ளவர்களை வீடு வீடாகக் கேட்டறிந்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சின்னவள் பெயர் சொல்லத் தயங்கினாள். நர்ஸ் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எங்களத் தாண்டி எங்கயும் போகாதும்மா, என்னை நம்பு" என்றார். அவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. 'எங்கள்' என்ற சொல்லுக்குள் ஆலையும் அடக்கம் என்பது அவருக்கே அன்று தெரிந்திருக்காது.

3. சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். மருந்து தொடங்கியது. கொஞ்ச நாளில் கண் மஞ்சளாகி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாயிற்று. ஒரு மாத்திரை அவள் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தி வேறொன்று கொடுத்தார்கள். உடம்பு தேறியது. "சாப்பாட்ட மாத்திரை அளவுக்கும், மாத்திரைய சாப்பாட்டு அளவுக்கும் சாப்பிடுறேன்கா" என்று கேலி செய்தாள். மருந்தால் இனி யாருக்கும் தொற்றாது என்று சுகாதார நிலையத்தில் சொன்னதால் வேலைக்கும் போனாள். இதுவரை எனக்கு யார்மீதும் குறையில்லை. நன்றிதான் இருந்தது.

4. ஒரு நாள் வேலைக்கு நடுவே அவளுடைய மேற்பார்வையாளர், வரிசையில் எல்லோரும் கேட்கும்படி, "உனக்கு டிபியாமே? எங்கிட்ட ஏன் மறைச்ச? கத்திரிய வச்சிட்டு வெளிய போ" என்றார். குழுவின் கணினியில் ஏற்றப்பட்ட நோயாளிகளின் பெயர்களை மூன்று தரப்பாரும் பார்க்கலாம் என்று ஏற்பாடாம். யாரும் திருடவில்லை, ஐயா. ஆலையின் நலப் பிரிவில் இருந்தவர் தம் இடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறார். பார்த்ததை மேலே சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

5. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வார முடிவுக்குள் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவள் குளித்த பொதுக் குளியலறையைப் பக்கத்து வீட்டார் பினாயில் ஊற்றிக் கழுவியதை அவள் மகள் நின்று பார்த்தாள். குடும்பத்தோடு பாலத்துக்கு இந்தப் பக்கம், என் அறைக்கு அடுத்த அறைக்குக் குடிவந்தார்கள்.

6. அதற்குப் பிறகு சின்னவள் மாத்திரை வாங்கப் போகவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "எம் பேரு அங்க இருக்கிற வரைக்கும் அந்த வாசல மிதிக்க மாட்டேன்கா" என்றாள். நர்ஸ் அம்மா விசாரித்துக்கொண்டு பாலம் கடந்து தேடி வந்தார். கதவுக்குப் பின்னால் இருந்தபடி சின்னவளே, "அவ இங்க இல்ல, ஊருக்குப் போயிட்டா" என்று குரல் கொடுத்தாள். குரல் யாருடையது என்று நர்ஸ் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. "அவங்க வந்தா நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

7. நோய் திரும்பியது. மூச்சு வாங்கி, நினைவு தடுமாறிய நிலையில் இந்தப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கிருந்த மருத்துவரிடம் நான் எதையும் ஒளிக்கவில்லை. முன்பு காசநோய் மருந்து சாப்பிட்டாள், ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மாற்றினார்கள் என்று சொன்னேன். அவர் உடனே, "எந்த மாத்திரைம்மா? அது தெரியணும். தெரியாம குடுத்தா ஈரல் போயிடும்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவள் கணவருக்கும் தெரியவில்லை. மருந்து அட்டைகளை வீடு மாறும்போதே அவள் எரித்துவிட்டாள்.

8. மருத்துவர் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பெயர் வெளியான சங்கதி புகாராகப் போன பிறகு, குழுவில் ஒருவரை ஒருவர் நம்பாமல், யாருக்கும் எந்த விவரமும் தரக்கூடாது என்று எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்களாம். நோயாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். முகத்தில் பிராணவாயு முகமூடியோடு கிடந்தவள் எப்படி நேரில் போவாள்?

9. நானே ஓடினேன். சுகாதார நிலையத்தில் நர்ஸ் அம்மா என் கண் முன்னால் கணினியைத் திறந்து பார்த்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று அது காட்டியது. விவரமெல்லாம் தொண்டு நிறுவனத்தின் வசம் இருக்கிறது என்றார். அவர்களுடைய அலுவலகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில். நர்ஸ் அம்மாவும் என்னோடு படியேறி வந்தார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "அக்கா, எனக்குப் புரியுது. ஆனா போன தடவ ஆலைக்காரங்க செஞ்சதுக்கு எங்களத்தான் குத்தவாளியாக்குனாங்க. இனிமே மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் திறக்கும்" என்றார். மூன்றாவது கையெழுத்து ஆலையுடையது. என் தங்கையைத் துரத்திய ஆலையின் வாசலில் நின்று, அவளைக் காப்பாற்றக் கையெழுத்துக் கேட்டேன். நலப் பிரிவு அலுவலர் விடுப்பில் இருப்பதாகக் காவலாளி சொன்னார்.

10. நான் வெறுங்கையோடு திரும்பியபோது மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இதற்குமேல் காத்திருந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற நிலைமை. "கண்ணக் கட்டிக்கிட்டு மருந்து குடுக்கிறேன்மா" என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. கொடுத்தவற்றில் அந்த மாத்திரையும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சின்னவளின் கண் மறுபடி மஞ்சளாகிறதா என்று நான் அவள் இமையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளாயிற்று. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்து கிடந்த கதவு, திறந்திருக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. அவள் போய்விட்டாள்.

11. அவளோடு இது முடிந்திருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் மகள் இப்போது இருமுகிறாள். சட்டைக் கழுத்து தொளதொளவென்று ஆகிவிட்டது; நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். சூடு கண்ட பூனை அவர். "ஒரு தடவ பேரக் குடுத்தோம், ஆளையே குடுத்துட்டோம். இவ பேரையும் குடுக்கச் சொல்றீங்களா அண்ணி?" என்றார். எங்கள் வரிசையிலும் இதே கதைதான். நர்ஸ் அம்மா வந்தால், தொடர்ந்து இருமுகிறவர்கள்கூட, "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்துகிறார்கள். சாத்தாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12. ஆகவே ஐயா, நோயாளியின் விவரத்தை மருத்துவம் பார்ப்பவர்கள் தவிர வேலை கொடுப்பவரோ வீடு கொடுப்பவரோ பார்க்க முடியாதபடி உத்தரவிட வேண்டுகிறேன். மருத்துவம் பார்க்கும் டாக்டர் கேட்டால் அக்கணமே கிடைக்கும்படியும் செய்ய வேண்டுகிறேன். இரண்டும் ஒரே குழுவால் முடியாது என்றால், முடியாது என்று மக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது தவறு என்று பொறுப்பில் உள்ள யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். இதுவரை ஒருவர் மட்டுமே சொல்லியிருக்கிறார். அதுவும் சாத்திய கதவிடம்.

13. குழந்தையின் அப்பாவிடம் நேற்று மறுபடி பேசினேன். "பெரிய அதிகாரி யாராவது நேர்ல வரட்டும். எம் புள்ள பேர எங்க எழுதுறாங்க, அத யார் யார் பார்ப்பாங்கன்னு எங்கிட்ட உக்காந்து சொல்லட்டும். அப்பக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். அவர் இறங்கி வந்தது அவ்வளவுதான். அதற்காகத்தான் இம்மனு. ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், ஐயா. தாங்கள் வருவீர்களா என்று அவர் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. எங்கள் அறைகளுக்கு நடுவே இருப்பது மெல்லிய சுவர். இதை எழுதும்போதும் அந்தப் பக்கம் குழந்தை இருமிக்கொண்டிருக்கிறாள்.

இடம்: பாலத்தை ஒட்டிய வரிசை வீடுகள்
நாள்: பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை

தங்கள் வருகையை வேண்டி,
(ஒப்பம்)
சின்னவளின் அக்கா