இரண்டு தடவை வந்த ஒன்று பத்து

அக்டோபர் 23, புதன்

காலையில் நல்ல வெயில். நாலு மணிக்கு மேல் இடி, ஐப்பசி மாதத் துலாமழை. திரும்பும்போது கரமனைப் பாலத்தில் பஸ் நின்றே போயிற்று. மீதி நடை. முழுக்க நனைந்தாயிற்று.

வாங்க வேண்டியவை: சுக்கு. நார்த்தங்காய் (ஏர்போர்ட்டில் விடுவார்களா?). பெட்டிக்குப் பூட்டு. அப்பாவுக்குக் கண் மருந்து. குழந்தைக்குப் பழைய வேஷ்டித் துணி, துவைத்தது.

சிகாகோவில் கல்யாணிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. அவளுக்கு அங்கே வேலை, எனக்கு இங்கே. நவம்பர் நடுவில் பிரசவம் என்கிறாள் டாக்டர். மாமியாருக்கு விசா மறுத்துவிட்டார்கள். ஆக, கூட இருக்க நான் ஒருவன்தான்.

மானேஜர் தாமஸ் சாரிடம் இன்றும் கேட்டேன். "எடோ, ஞாயறாழ்ச்ச கழியட்டே. பின்னெ தான் பொய்க்கோ." ஞாயிறு தாண்டட்டும், பிறகு போ. போன மாதம், வேலை முடியட்டும் என்றார். அதற்கு முன் வேறொன்று. என் பாஸ்போர்ட் விசா முத்திரையோடு திரும்பி வந்து ஆபீஸ் அலமாரியில் தூங்குகிறது. என் பாஸ்போர்ட், அவர்கள் சாவி.

அக்டோபர் 24, வியாழன்

அப்பா கேட்டார்: "அப்படி என்னடா பெரிய வேலை? மணி பாக்கறதா?" ஏறக்குறைய அதுதான்.

எங்கள் கம்பெனி ஓர் அமெரிக்கக் கம்பெனிக்காக ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு உள்வேலை செய்கிறது. அதில் தேதியும் நேரமும் என் தலையில். மொழியின் உள்ளே நேரம் என்பது ஒரே ஓர் எண். 1970 பிறந்ததிலிருந்து எத்தனை விநாடி, அவ்வளவுதான். அதற்கு ஊரும் கிடையாது, சூரியனும் கிடையாது. பரம சாது. மனிதர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் மணியை அந்த எண்ணாக மாற்றும்போதுதான் பிராணன் போகிறது.

வருகிற ஞாயிறு விடியற்காலை அமெரிக்காவில் இரண்டு அடிக்கும்போது முள்ளை ஒன்றுக்குத் திருப்புவார்கள். கோடைக்காக ஒரு மணி முன்னே தள்ளி வைத்த கணக்கு அதோடு முடிந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வரை அன்று இரண்டு தடவை வரும். "ஒன்று பத்து" என்று ஒருவர் சொன்னால் எந்த ஒன்று பத்து? மானேஜர் தா. சாரின் தீர்ப்பு: யோசிக்காதே, முதலாவதை எடுத்துக்கொள். அப்படியே எழுதிவிட்டேன். பிடிக்கவில்லை, எழுதினேன்.

இதை வேறு எவனும் தொட மாட்டான். நன்றாகச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை.

கல்யாணி போன். "கால் வீங்கிண்டு செருப்பே நுழையலை. எப்போ வரேள்?"

"புதன்கிழமை கிளம்பறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அக்டோபர் 27, ஞாயிறு

ஆபீஸ். கட்டிடத்தில் ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. கிடையாது. கீழே செக்யூரிட்டியின் ரேடியோவில் மலையாள நாடகம்.

நமக்கு நடுப்பகல், அவர்களுக்கு நடுநிசி தாண்டி. அவர்களுடைய கம்ப்யூட்டரின் மணி என் திரையில் ஓடியது. தயிர் சாதமும் கடுமாங்காயும் சாப்பிட்டபடி பார்த்தேன். ஒன்று பத்து போயிற்று. ஒன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று பத்து. பக்கத்தில் விநாடி எண் எதற்கும் அசையாமல் ஏறிக்கொண்டே இருந்தது. எல்லாம் சரி. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

தா. சாருக்குப் போன் செய்தேன். "கலக்கி" என்று மெச்சினார். நாளை பாஸ்போர்ட் கேட்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷம். சாயங்காலம் இடி விழுந்து தெரு முழுக்க டெலிபோன் ஊமை.

அக்டோபர் 28, திங்கள்

ஆபீஸில் மெயில். கல்யாணியுடன் தங்கியிருக்கும் லிஜி எழுதியது. பெண் குழந்தை. ஞாயிறு விடியற்காலை 1:10. இருவரும் நலம். வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தாளாம், கிடைக்கவில்லையாம்.

பாத்ரூமில் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும் இல்லை.

வீட்டில் அப்பா பஞ்சாங்கத்தோடு தயார். ரிட்டயர் ஆனபின் இந்தத் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் அவர்தான் ஜாதகம் கணிக்கிறார். "எந்த ஒண்ணு பத்துடா? நீதானே சொன்னே, ரெண்டு தரம் வரும்னு. முன்னாடின்னா கடக லக்னம். பின்னாடின்னா சிம்மமாக்கும்."

மெயிலில் அது இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"முதலாவது" என்றேன்.

கட்டம் போட்டு எழுதிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, எதை வைத்துச் சொன்னேன் என்று. வியாழக்கிழமை கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

லைன் வந்தது. கல்யாணியின் குரல் ரொம்பச் சின்னதாக.

"நர்ஸ்கிட்ட மணி கேட்டேன். ஒண்ணே முக்கால்னா. அதுக்கப்புறமும் எவ்வளவோ நேரம் வலி. குழந்தை பொறந்ததும் ஒண்ணு பத்துங்கறா. எனக்குப் பித்துப் பிடிச்சுடுத்துன்னு நினைச்சேன். லிஜி டியூட்டிக்குப் போயாச்சு. கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்லை."

இரண்டாவது ஒன்று பத்து. பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பேன், முள்ளைத் திருப்பிவிட்டார்கள், பயப்படாதே என்று. அதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். அந்த நேரத்தில் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். "சாரமில்லை, போறது" என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, சிம்மம் போட்டு வேறு எழுதினார்.

அக்டோபர் 30, புதன்

இன்றைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பெட்டி கட்டிலடியில், புதுப் பூட்டோடு.

தா. சாரிடம் போய், முதலாவதை எடுப்பது தப்பு, எந்தத் தடவை என்பதையும் நேரத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

"செரியா. அப்போ தான் தன்னெ மாற்றிக்கோ. ஏப்ரிலில் க்ளாக் முன்னோட்டு போகுமல்லோ, அதும் நோக்கியிட்டு பொய்க்கோ." நீயே மாற்று, ஏப்ரலில் கடிகாரம் முன்னே போவதையும் பார்த்துவிட்டுப் போ.

ஏப்ரல். அலமாரிக்குப் போனேன். சாவி வைத்திருக்கும் சிந்து பாவமாகப் பார்த்தாள். "சார் பறயாதெ தராம் பற்றில்லல்லோ." அவர் சொல்லாமல் தர முடியாதாம்.

கல்யாணிக்குப் போன். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"ஏப்ரலா? அப்போ அவ உக்காந்துண்டு இருப்பா."

நார்த்தங்காயை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. அங்கே ஒன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு நேரே மூன்று. நடுவில் ஒரு மணி நேரம் கிடையவே கிடையாது. அதில் யாரும் பிறக்க மாட்டார்கள். அதையும் நான் இங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.