பாதியில் வைத்த கூழ்

அந்த ஞாயிற்றுக்கிழமை கூழ்க்கடையில் இருந்தவர்கள் நீ, நான், கடைக்காரி பொன்னம்மாக்கா, நல்லெண்ணெய் கொண்டுவந்த கந்தையா அண்ணை, உன் புருசனின் தம்பி சிவராசா. வேறு ஒருவரும் இல்லை. ஊரே நின்று பார்த்தது என்று நீ கடைசிவரை நினைத்தாய், தங்கச்சி.

இன்று காலை மருமகள் கூழுக்கென்று, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவை நனையப் போட்டாள். முதல் தண்ணீரை ஊற்றும்போது ஒரு கசப்பு மணம் எழும்புமே, அதோடு நீயும் வந்துவிட்டாய்.

அளவெட்டிச் சந்தியில் பொன்னம்மாக்காவின் கடை. முன்பக்கம் குரக்கன் மா, எள்ளு, புழுக்கொடியல், பனங்கட்டி. பின்பக்கம் ஓலைக் கொட்டிலுக்குள் கூழ்ப்பானை. சண்டையால் கொழும்புச் சாமான் வராத வருசங்கள். சீனியும் இல்லை, பாணும் இல்லை. ஊரில் விளைந்ததைத்தான் விற்றார். சாமான் வாங்க வந்தவரை வெறுங்கையோடு நிற்கவிட மாட்டார். கேளாமலே பனையோலையைப் பிளாவாக மடித்துக் கையில் தந்து, கூழை வார்ப்பார். அதற்குள் நண்டுக்காலைத் தேடி எடுக்க உன்னைப்போல் ஆள் கிடையாது. எனக்கு வந்த காலையும் பறித்துவிடுவாய்.

உன் மனுசன் தோட்டத்தில் ஷெல் விழுந்து போனபிறகு நீ வீட்டைவிட்டு வெளிக்கிடவே இல்லை. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை மீன் வாயில் படக்கூடாது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நீ காய்ந்த ஓலைபோல் ஆனாய். அன்று குரக்கன் மா முடிந்ததால்தான் என்னோடு வந்தாய்.

பொன்னம்மாக்கா வழக்கம்போல் வார்த்தார்.

"வேண்டாமக்கா, மீன் போட்டது."

"குடியடி பிள்ளை. உன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு."

குடித்தாய். உன் நெற்றி வியர்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உறைக்குதக்கா, நல்லாயிருக்கு" என்று சிரித்தாய். மனுசன் போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அப்போதுதான் சிவராசா சைக்கிளால் இறங்கினான்.

"என்ன மச்சாள், அண்ணை போயும் உங்கடை நாக்குப் போகேல்லைப் போலை!"

கந்தையா அண்ணை சிரித்துவிட்டார். பொன்னம்மாக்கா அகப்பையை ஓங்கினார்.

"செத்தது உன்ரை அண்ணையடா. அவளின்ரை வயிறில்லை!"

"பகிடிக்கல்லோ சொன்னனான்."

"பகிடியைக் கொம்மாவிட்டைப் போய் விடு!"

நீ பாதி குடித்த பிளாவை நிலத்தில் வைத்தாய். பிளா நிற்குமா? சரிந்து, கூழ் மண்ணில் ஓடியது. மாவையும் வாங்காமல் நடந்துவிட்டாய். அதன்பிறகு அந்தக் கடைக்கு என்ன, எந்தக் கடைக்கும் நீ வரவில்லை. திவசம் முடிந்தது, நீ கூழைத் தொடவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி வர, ஊரோடு ஊராக வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். மழை. உனக்குக் காய்ச்சல். யாரோ புண்ணியவாட்டி கூழ் காய்ச்சி எல்லோருக்கும் வார்த்தாள். வாங்கிவந்து உன் வாயருகில் பிடித்தேன். நண்டுக்கால்கூட ஒன்று கிடந்தது.

நீ சுற்றிப் பார்த்தாய். "ஆரும் பாக்கினமோ அக்கா?"

"ஆர் பாத்தால் என்னடி? குடி."

"பிறகு குடிக்கிறன். வை."

வைத்தேன். விடியமுன்னம் போய்விட்டாய். கூழ் ஆடை படர்ந்து கிடந்தது.

இன்று மத்தியானம் மருமகள் கிண்ணத்தில் வார்த்துத் தந்தாள். வேண்டாம் என்று ஓலை வெட்டுவித்துப் பிளா மடித்தேன். வாசல் படலையடிக்குப் போய், றோட்டால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, நின்றபடி முழுவதையும் குடித்தேன். எப்போது கூழ் காய்ச்சினாலும் அப்படித்தான். உனக்காக நான் செய்ய இருப்பது அவ்வளவுதான்.

போன கிழமை உன் புருசனின் தம்பி தன் பேத்தியின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தான். "பொன்னம்மாக்காவின்ரை கூழ் ஞாபகமிருக்கோ அக்கா? என்ன ருசி!" என்றான். தான் சொன்ன சொல் அவனுக்கு ஞாபகமே இல்லை.

கந்தையா அண்ணை சிரித்ததை எப்போதோ விட்டுவிட்டேன். ஷெல் அடித்தவன் யாரென்று தெரியாது. அவனைக் கடவுள் பார்க்கட்டும். நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருவன்தான். சிவராசா.